அம்மா தலையில் வைக்காத கை

தெமியாங், சிரம்பான்
2 ஜூன் 2024

அன்புத் தம்பி புவனேஸ்வரனுக்கு,

அக்கா மயிலம்மாள் எழுதுவது. வியாழக்கிழமையிலிருந்து கூப்பிடுகிறேன், நீ போனை எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் எழுத எனக்கு மனமில்லை. உன் போனை வீட்டில் எல்லாரும் எடுத்துப் பார்ப்பார்கள். ஒரு பிள்ளையின் பெயர் அதில் வந்துவிட்டால் சாயங்காலத்துக்குள் செனாவாங் வரைக்கும் போய்விடும். அதனால்தான் தபால். கோலா கிளாவாங் வழியாக மெதுவாக வந்து சேரட்டும். அதற்குள் உன் கோபமும் கொஞ்சம் இறங்கியிருக்கும்.

புஷ்பவள்ளியும் அவள் மகள் ரதியும் என் வீட்டில்தான் இருக்கிறார்கள். தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்பில் என்னிடம் படித்தவள் புஷ்பவள்ளி. வேறு போக்கிடம் தெரியாமல் டீச்சர் வீட்டைத் தேடி வந்திருக்கிறாள். ஒரே ஒரு பை. அதிலும் பாதி ரதியின் பள்ளிப் புத்தகங்கள்.

மறுநாள் காலை இருவரையும் போலீஸ் நிலையத்துக்கு அழைத்துப் போனது நான்தான். அங்கிருந்து ஆஸ்பத்திரி. ஒரு பெண் அதிகாரியும் ஒரு டாக்டரம்மாவும் பிள்ளையிடம் பொறுமையாகப் பேசினார்கள். பள்ளி வேன் ஓட்டும் குணாளன் அவளிடம் பல மாதமாகத் தகாத முறையில் நடந்திருக்கிறான். இதற்கு மேல் நான் எழுதமாட்டேன். அது அந்தப் பிள்ளைக்குச் சொந்தமான பேச்சு. சொல்ல வேண்டியவர்களிடம் அவள் சொல்லிவிட்டாள்.

கோபப்படுவதானால் என்மேல் படு, புஷ்பவள்ளிமேல் வேண்டாம். அவள் இங்கே வருவதற்கு முந்தின வெள்ளிக்கிழமை நீங்கள் கோயிலில் வைத்து விசாரித்தீர்களாமே. அங்கே என்ன நடந்தது? ரதி அதைப் பற்றி வாயே திறப்பதில்லை. தாய் சொல்லத் தொடங்கினால் அழுகை வந்துவிடுகிறது. "அவ பொய் சொல்றான்னு முடிவு பண்ணிட்டாங்க டீச்சர்" என்பதோடு நின்றுவிடுகிறாள்.

புஷ்பவள்ளி குடியிருப்பது தோட்டத்து வீடு, வேலையும் தோட்டத்து நாற்றுப் பண்ணையில். ஜூலை முடிவதற்குள் அவள் திரும்பவில்லையென்றால் வீட்டை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். ரதிக்கும் தன் வீட்டுக்குப் போக வேண்டும்தான். ஆனால் பொய்க்காரி என்று பெயர் வைத்த இடத்துக்கு எப்படிப் போவாள்? கோயில் தலைவர் நீ. அதை மாற்ற உன்னால்தான் முடியும்.

இன்னொன்று. நானும் ஓய்வுபெற்ற நர்ஸ் அந்தோனியம்மாளும் இங்கே சில இடங்களில் பெற்றோர்களைக் கூட்டி, பிள்ளைகளை இப்படிப்பட்ட தொல்லையிலிருந்து எப்படிக் காப்பது என்று பேசிவருகிறோம். கோயில் மண்டபத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை கொடு. இரண்டு மணி நேரம் போதும்.

அன்புடன்,
அக்கா

புக்கிட் மெராந்தி தோட்டம்
9 ஜூன் 2024

அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நீங்கள் படித்தவர்கள். தோட்டத்துப் பிரச்சினை தோட்டத்தோடு இருக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியாமல் போனதுதான் ஆச்சரியம்.

புதன்கிழமை காலையில் ஆட்கள் பெரட்டுக்கு வந்து நிற்கும் நேரத்தில் போலீஸ் வண்டி வந்தது. ஆட்களைக் கணக்கெடுக்கும் மண்டோர் பெயர் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். எல்லார் கண் முன்னாலும் குணாளனை ஏற்றிக்கொண்டு போனார்கள். அவன் மனைவி ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். மழையிலும் வெயிலிலும் நம் பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுபோய்க் கொண்டுவந்தவன். போன ஆடித் திருவிழாவுக்கு அன்னதானம் முழுக்க அவன் செலவு. அவனுக்கு இந்த மரியாதை.

கோயிலில் என்ன நடந்தது என்று கேட்டீர்கள். நம் வழக்கம் உங்களுக்குத் தெரியாததா? கோழி காணாமல் போனாலும் சரி, அண்ணன் தம்பி சண்டையானாலும் சரி, முனீஸ்வரன் முன்னால் சத்தியம் வாங்கினால் அதோடு முடிந்தது. நம் அப்பா காலத்திலிருந்து அப்படித்தான். குணாளன் உள்ளங்கையில் சூடம் ஏற்றினான். "நான் தப்பு செஞ்சிருந்தா இந்த முனி என்னைக் கேக்கட்டும்" என்றான். கை நடுங்கவில்லை.

பிறகு ரதியைக் கூப்பிட்டோம். சின்னப் பிள்ளை கையில் நெருப்பு வேண்டாம் என்று நானேதான் சொன்னேன். "ஒங்கம்மா தலையில கைய வச்சு, நான் சொன்னது நெசம்னு சொல்லு தாயி, அது போதும்" என்றேன். கையைத் தூக்கினாள். பாதியில் நிறுத்தினாள். அப்புறம் வெடுக்கென்று இழுத்துக்கொண்டு ஓடிப்போய்விட்டாள். அத்தனை பேரும் பார்த்தார்கள். உண்மை பேசும் பிள்ளை ஏன் கையை இழுக்க வேண்டும்? நீங்களே சொல்லுங்கள்.

மண்டபம் கிடையாது. ஆடி வரப்போகிறது, ஆயிரம் வேலை இருக்கிறது.

புவனேஸ்வரன்

தெமியாங்
15 ஜூன் 2024

அன்புத் தம்பி,

கடிதம் முழுக்க என்னை "நீங்கள்" என்று எழுதியிருக்கிறாய். கோபம் எவ்வளவு என்று அதிலேயே தெரிந்துகொண்டேன். இருந்தாலும் பதில் போட்டாயே, அதற்கு நன்றி.

முதலில் ஒன்று. இது கோயில் கமிட்டி பேசி முடிக்கும் காரியமே இல்லை. பிள்ளைக்கு இப்படி நடந்தது தெரிந்தும் போலீசுக்குச் சொல்லாமல் இருந்தால் அதுவே குற்றம் என்று நம் நாட்டுச் சட்டம் சொல்கிறது. நான் போகாமல் இருந்திருந்தால் நானும் குற்றவாளி. நீயும்தான். கோழி விவகாரம் வேறு, இது வேறு. உன் மகன் சின்ன வயதில் பல் வலி என்று அழுதால் என்ன செய்தாய்? தலையில் கை வைத்துச் சத்தியம் பண்ணச் சொன்னாயா? மோட்டார் சைக்கிளில் ஏற்றிக் கிளினிக்குக் கொண்டுபோனாய். வலிக்கிறது என்று பிள்ளை சொன்ன வார்த்தையே உனக்குப் போதுமானதாக இருந்தது.

இப்போது நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். அந்தக் கை.

நான் ரதியிடம் எதையும் துருவிக் கேட்பதில்லை. கேட்கக் கூடாது என்று ஆஸ்பத்திரியிலும் சொல்லியிருக்கிறார்கள். தானாகப் பேசினால் கேட்டுக்கொள்வேன், அவ்வளவுதான். செவ்வாய்க்கிழமை புஷ்பவள்ளிக்குக் காய்ச்சல். மத்தியானம் படுத்திருந்தாள். ரதி பக்கத்தில் உட்கார்ந்து, அம்மாவின் மூக்குக்கு நேரே விரலை வைத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா பாக்கற?" என்றேன்.

"மூச்சு வருதான்னு பாக்கறேன் டீச்சர்."

"சாதா காய்ச்சல்தானே. பனடோல் போட்டாச்சு, எறங்கிடும்லா."

"இல்ல டீச்சர். வேன் அங்கிள் சொன்னாரு, யாருகிட்டயாச்சும் சொன்னா ஒங்கம்மா செத்துரும்னு. நான்தான் சொல்லிட்டேன்ல." அவளே மேலும் சொன்னாள். "கோயில்ல அம்மா தலையில கை வைக்கச் சொன்னாங்க. வச்சு, அங்கயே செத்துப்போயிட்டா?"

புவனா, அந்தப் பிள்ளை பொய் சொன்னதால் கையை இழுக்கவில்லை. உண்மை சொன்னதால்தான் இழுத்தாள்.

அன்று பார்த்தவர்கள் எல்லாருக்கும் அது பொய்யாகத் தெரிந்திருக்கிறது. நான் அங்கே நின்றிருந்தால் எனக்கும் அப்படித் தெரிந்திருக்குமோ என்னவோ. எனக்கும் நிச்சயமில்லை.

அக்கா

புக்கிட் மெராந்தி
23 ஜூன் 2024

அக்கா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு டிவி மேலே வைத்தேன். லெட்சுமி எடுத்துப் படித்திருக்கிறாள். நான் ஆடி வசூலுக்குப் போய்விட்டு வந்தேன். சோற்றை வைத்தாள், குழம்பு ஊற்றவில்லை. என்ன என்று கேட்டேன்.

"கோழி திருடனுக்கு வைக்கிற சத்தியத்தப் பச்சப் புள்ளைக்கு வச்சிருக்கீங்க. தலைவர் துண்டு தோள்ல ஏறுனா மூள எறங்கிப் போயிருமா?" என்றாள். கல்யாணமாகி முப்பத்தைந்து வருடத்தில் அவள் என்னை இப்படிப் பேசியதில்லை.

அந்தப் பிள்ளை கையைத் தூக்கி நிறுத்தினாளே, அந்த முகம்தான் கண்ணில் நிற்கிறது. அன்றைக்கும் அந்த முகத்தை நான் பார்த்தேன். பயம் என்று தெரிந்தது. மாட்டிக்கொண்ட பயம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் ஒன்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. அவன் கையில் ஏற்றிய நெருப்பு ஏன் அவனை ஒன்றும் செய்யவில்லை? நாம் இத்தனை காலம் நம்பியது என்ன?

கமிட்டியில் குணாளனின் மச்சான் மாயாண்டி இருக்கிறான், உனக்குத் தெரியும். "கேஸ் பிசுபிசுத்துப் போயிரும். அதுவரைக்கும் வாய மூடிக்கிட்டு இருங்க தலைவரே. வெளிய தெரிஞ்சா நம்ம தோட்டத்துப் பொண்ணுங்கள எவன் கட்டுவான்?" என்கிறான். மற்றவர்களும் தலையாட்டுகிறார்கள்.

மண்டபத்தைப் பற்றி இப்போது கேட்காதே. நான் கேட்பதற்குப் பதில் எழுது. அன்று நான் அவளிடம் என்ன கேட்டிருக்க வேண்டும்?

புவனா

தெமியாங்
29 ஜூன் 2024

அன்புத் தம்பி,

நெருப்பைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். வருடா வருடம் தீச்சட்டி எடுக்கிறவன் அவன். பழகிய கை நடுங்காது. பொய்யில் பழகிய வாயும் அப்படித்தான். முனீஸ்வரன்மேல் குறை சொல்லாதே. நெருப்பிடம் கேட்கக் கூடாத கேள்வியை நாம் கேட்டுவிட்டோம்.

என்ன கேட்டிருக்க வேண்டும் என்று எழுதியிருந்தாய். கேட்க ஒன்றுமில்லை, தம்பி. சொல்லத்தான் இருக்கிறது. "நீ சொன்னத நான் நம்பறேன். ஒம்மேல தப்பு இல்ல. சொன்னது நல்லதாப் போச்சு. இனி நாங்க பாத்துக்கறோம்." அவ்வளவுதான். அதற்குப் பிறகு விசாரிப்பது அதற்கென்று படித்தவர்களின் வேலை. செம்பனை மரங்களுக்குள் வேலை செய்யும்போது ஒருவன் "பாம்பு" என்று கத்தினால் எல்லாரும் என்ன செய்கிறோம்? காலைத் தூக்குகிறோம். அவனை நிற்க வைத்து, எந்தப் பாம்பு, என்ன நிறம், நீ ஏன் அங்கே போனாய் என்று குறுக்கு விசாரணையா பண்ணுகிறோம்?

ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று யாராவது உன்னிடம் கேட்பார்கள். என் வகுப்பில் ஒரு பையன் கால்சட்டையை நனைத்துவிட்டு மணி அடிக்கும் வரை எழுந்திருக்கவே இல்லை. நான் திட்டமாட்டேன் என்று அவனுக்குத் தெரியும். ஆனாலும் வாய் வரவில்லை. அதற்கே அவ்வளவு கூச்சம் என்றால் இதற்கு எவ்வளவு இருக்கும்? அதோடு தாயின் உயிரையும் குணாளன் அவள் தலையில் கட்டிவிட்டிருக்கிறான்.

பழம் வாங்கிக்கொண்டு இங்கே வந்து பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்கலாம் என்று நினைத்திருப்பாய். உன்னை எனக்குத் தெரியும். வராதே. பெரியவர் ஒருவர் வந்து கண்கலங்கி நின்றால், பரவாயில்லை என்று சொல்லித்தான் தீர வேண்டும் என்று பிள்ளைக்குத் தோன்றும். அந்தச் சுமை அவளுக்கு எதற்கு?

ரதி இப்போது ஆஸ்பத்திரி ஆலோசகரிடம் வாரம் ஒருமுறை போகிறாள். பசிக்கிறது என்று தானே கேட்டுச் சாப்பிடுகிறாள். முந்தாநாள் கேட்டாள். "டீச்சர், தோட்டத்துல எல்லாரும் இன்னும் நான் பொய் சொன்னேன்னுதான் நெனைக்கிறாங்களா?" எனக்குத் தெரியாது, கேட்டுச் சொல்கிறேன் என்றேன். ஆறுதலுக்காக ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அவளிடம் பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கேட்டுவிட்டேன். நீ பதில் சொல்.

அக்கா

புக்கிட் மெராந்தி
15 ஜூலை 2024

அக்கா,

பதில் சொல்ல இரண்டு வாரம் ஆகிவிட்டது. நேற்று ஆடிக் கூட்டம். பூஜை முடிந்து எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். திருவிழாக் கணக்கைப் படிக்க எழுந்த நான் அதைப் படிக்கவில்லை.

"அன்னிக்கு இந்த எடத்துல ஒரு புள்ளையச் சத்தியம் பண்ணச் சொன்னேன். அவ கைய இழுத்துக்கிட்டா. அத வச்சு அவளப் பொய்க்காரின்னு முடிவு பண்ணோம். அந்த முடிவு தப்பு. நான் பண்ணின தப்பு. அந்தப் புள்ளைய நான் நம்பறேன்" என்றேன்.

மாயாண்டி எழுந்தான். "தலைவரே, கேஸ் கோர்ட்டுல இருக்கு. நீ என்ன ஜட்ஜா?"

"ஜட்ஜ் இல்லடா. அதத்தான் சொல்றேன். அன்னிக்கு ஜட்ஜ் வேல பாத்துட்டேன், இன்னிக்கு விட்டுட்டேன். அவனக் கோர்ட்டு பாத்துக்கட்டும். புள்ளைய நம்பறதுக்குக் கோர்ட்டு உத்தரவு எனக்கு வேணாம்."

ஒரே கூச்சல். துண்டைக் கழற்று என்றார்கள். கழற்றி வைத்தேன். மாயாண்டி தற்காலிகத் தலைவர் என்று அங்கேயே கை தூக்கினார்கள். அப்போது பின்னால் பெண்கள் பக்கத்திலிருந்து முத்தாயி அக்கா எழுந்தார். பால்மரத்துக் காலத்தில் ரப்பர் வெட்டுக்குப் போன மனுஷி, வயது எழுபதுக்கு மேல் இருக்கும். அவர் சத்தம் போடவே இல்லை, அதனால்தான் எல்லாரும் அடங்கினார்கள்.

"எனக்கு எட்டு வயசு. ஆபீஸ் கிராணி வூட்டுக்குத் தண்ணி தூக்கப் போவேன். எங்கம்மாகிட்ட சொன்னேன். வாய மூடுன்னாங்க, மூடிட்டேன். இன்னிக்குத்தான் தொறக்கறேன். அந்தப் புள்ள எங்க இருக்கு? அவளுக்குச் சொல்லுங்க, இந்தக் கெழவியும் நம்பறான்னு."

அவ்வளவுதான் சொன்னார். உட்கார்ந்துவிட்டார். லெட்சுமி போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அப்புறம் இன்னும் இரண்டு மூன்று பேர்.

எல்லாரும் மாறிவிட்டார்கள் என்று ரதியிடம் சொல்லாதே. பாதிப் பேர் இன்னும் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் போகிறார்கள். நம்புகிறவர்களும் இருக்கிறார்கள் என்று சொல். அதுதான் உண்மை.

மண்டபத்துச் சாவி இப்போது என்னிடம் இல்லை. லெட்சுமியும் மற்ற பெண்களும் மானேஜரிடம் போய்ப் பெரட்டுக் கொட்டகையைக் கேட்டு வாங்கிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை வா. நர்ஸம்மாவையும் கூட்டிக்கொண்டு வா.

புவனா

தெமியாங்
22 ஜூலை 2024

அன்புத் தம்பி,

நேற்றுக் கூட்டத்தில் உன்னோடு உட்கார்ந்து பேச முடியவில்லை. காலையில் மண்டோர் பெயர் கூப்பிடும் அந்தக் கொட்டகையில் அவ்வளவு பெண்கள் வருவார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆண்கள் மோட்டாரைத் துடைப்பதுபோல வெளியே நின்று காதைக் கொடுத்துக்கொண்டிருந்ததையும் பார்த்தேன். துடைத்த துடைப்பில் எல்லா மோட்டாரும் புதிதாகிவிட்டது.

ஒரு இளம் தகப்பன் கேட்டாரே, "அப்ப யாரையுமே நம்பக் கூடாதா டீச்சர்?" என்று. அவசரத்தில் ஏதோ பதில் சொன்னேன். வரும் வழியெல்லாம் அதையே யோசித்தேன். நம்பலாம். ஆனால் நாம் நம்புகிறவர்களின் வரிசையில் பிள்ளையைக் கடைசியில் நிறுத்திவிடுகிறோம். முன்னால் கொண்டுவந்து நிறுத்தினால் போதும். அவரைப் பார்த்தால் இதைச் சொல். 15999 என்ற உதவி எண்ணைக் கொட்டகைச் சுவரில் பெரிதாக எழுதி வைக்கச் சொன்னேன், மறந்துவிடாதே. பெரியவர்களிடம் சொல்ல முடியாத பிள்ளை அதைப் பார்த்துக் கூப்பிடலாம்.

வீட்டுக்கு வந்து உன் கடிதத்தில் ரதிக்குரிய பகுதியைப் படித்துக் காட்டினேன். முத்தாயி அக்கா சொன்னதில் அவள் கேட்க வேண்டிய கடைசி வரியை மட்டும் படித்தேன். "அந்தப் பாட்டி யாரு?" என்று கேட்டாள். புஷ்பவள்ளி திரும்பி உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இந்த வாரமே போய்விடலாம், வீடு போய்விடும் என்று மகளிடம் சொன்னாள். குணாளன் ஜாமீனில் இருந்தாலும் தோட்டத்துப் பக்கமே வரக் கூடாது என்று கோர்ட்டில் சொல்லியிருக்கிறார்கள், அதையும் சொன்னோம்.

 ரதி கேட்டாள்.

"இப்ப வேன் யாரு ஓட்டறாங்க?"

 பெயர், சத்தியம், மானம், மண்டபம் என்று எத்தனை பேசினோம். மறுநாள் காலையில் ஆறரை மணிக்கு அவள் எந்த வண்டியில் ஏறப்போகிறாள் என்று நம்மில் ஒருவர்கூட நினைக்கவில்லை.

யார் ஓட்டுகிறார்கள்?

அக்கா

புக்கிட் மெராந்தி
27 ஜூலை 2024

அக்கா,

அதே வேன்தான். மாயாண்டிதான் ஓட்டிக்கொண்டிருந்தான். 

உன் கடிதத்தைப் படித்ததும் லெட்சுமியிடம் சொன்னேன். அவள் தாய்மார்களைக் கூட்டினாள். மறுநாள் காலையில் வேன் வந்து ஹாரன் அடித்தது, ஒரு பிள்ளையும் ஏறவில்லை. மாயாண்டி இறங்கி வந்து கத்தினான். "நான் என்னடி பண்ணேன்? எம்மேலயும் பழியா?"

"ஒம்மேல பழி இல்ல தம்பி. ஆனா அந்த வண்டியில எங்க புள்ளைங்க ஏறாது. நீ கத்தறதுனால நாளைக்கு மட்டும் ஏறிருமா?" என்றாள் லெட்சுமி.

இரண்டு நாள் தகப்பன்மார் மோட்டாரில் கொண்டுபோய் விட்டார்கள். நேற்றிலிருந்து வேறு வேன். கோலா கிளாவாங்கிலிருந்து கக் ரோஸ்னா என்ற மலாய்க்கார அம்மா ஓட்டிக்கொண்டு வருகிறார். அவரோடு தினம் ஒரு தாய் உள்ளே உட்கார்ந்து போய்வர வேண்டும் என்று முறை வைத்திருக்கிறார்கள். கடைசிப் பிள்ளை இறங்கும் வரை அந்தத் தாய் இறங்கக் கூடாது. எந்தப் பிள்ளையும் டிரைவரோடு தனியாக இருக்கக் கூடாது. திங்களும் புதனும் லெட்சுமி. முத்தாயி அக்காவும் ஒரு நாள் கேட்டு வாங்கிக்கொண்டார். நேற்று அவர் வேனில் ஏற ஆள் பிடித்துத் தூக்கிவிட வேண்டியிருந்தது, பிள்ளைகளுக்கு ஒரே சிரிப்பு.

இதை ரதியிடம் அப்படியே சொல். இன்னும் ஏதாவது மாற்ற வேண்டும் என்றால் அவள் சொல்லட்டும்.

புஷ்பவள்ளி புதன்கிழமை வருவதாக லெட்சுமிக்குப் போன் பண்ணினாள். வீட்டைக் கூட்டிக் கழுவி வைத்துவிட்டார்கள். வழியில் என் வீட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். நான் வாசலில் நிற்கலாமா, உள்ளேயே இருந்துவிடட்டுமா? அவளிடம் கேட்டு எழுது. எது சொன்னாலும் எனக்குச் சம்மதம்.

புவனா

தெமியாங்
29 ஜூலை 2024

அன்புத் தம்பி,

பதில் உனக்கு நேரத்துக்கு வந்து சேர வேண்டுமே என்று இதைப் பேருந்து ஓட்டுநர் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

வேன் விவரத்தை ரதி இரண்டு முறை படிக்கச் சொன்னாள். கடைசிப் பிள்ளை இறங்கும் வரை அந்தத் தாய் இறங்கமாட்டார்களா என்று மறுபடியும் கேட்டாள். இறங்கமாட்டார்கள் என்றேன். பிறகு போய்ப் புத்தகங்களைப் பையில் எடுத்து வைத்தாள்.

நீ கேட்டதையும் கேட்டேன்.  அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"தாத்தா அவங்க வீட்டு வாசல்ல நிக்கட்டும். ஆனா கிட்ட வர வேணாம், பேசவும் வேணாம். நான் மொதல்ல எங்க வீட்டுக்குப் போகணும். அப்புறம் பாக்கலாம்."

அப்படியே செய்.

அக்கா